சித்தப்பா வீட்டு லெபெல் துப்பாக்கி

துப்பாக்கியைப் பற்றி எழுதுவேன் என்று நானே நினைத்ததில்லை. என் அரசு வேலைக் காலம் முழுக்கத் துப்பாக்கி என்பது எனக்கு ஒரு கோப்பு, அவ்வளவுதான். சில வருடங்கள் உரிமம் புதுப்பிக்கும் பிரிவில் இருந்தேன். தேர்தல் அறிவித்துவிட்டால் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்ததோடு சரி. ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. எழுபத்து மூன்றாவது வயதில், அதுவும் பிரான்சில், ஒரு பழைய பட்டாளத்துத் துப்பாக்கியை மடியில் கிடத்தித் துரு துடைத்துக்கொண்டிருந்தேன் என்றால் அதற்கு என் சித்திதான் காரணம்.

என் மகள் பாரீஸ் அருகில் இருப்பதை முன்பே எழுதியிருக்கிறேன். 2023 மே மாதம் அவளிடம் போயிருந்தபோது, பத்து நாள் ஒதுக்கி ஃப்ரெழுஸ் ஊருக்கு ரயில் ஏறினேன். தெற்கே, மத்தியதரைக் கடலோரம். சாம்-ரஃபாயேல் நிலையத்தில் இறங்கினால் பக்கத்து ஊர். காலனிப் பட்டாளங்கள் தங்கியிருந்த இடம் அது. முதல் உலகப்போர் காலத்தில் வியத்நாம் சிப்பாய்கள் 1917-இல் கட்டிய புத்தர் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. சித்தப்பா 1964-இல் பட்டாளத்தை விட்டபின் அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். 2009-இல் காலமானார். சித்தி இருக்கிறார், அப்போது வயது 91. கூட என் தம்பி, அதாவது சித்தப்பா மகன். கார் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன்.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு 'சொல்தா' குடும்பம் என்றால் விளக்க வேண்டியதில்லை. இளையவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக: பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன், அல்ஜீரியா என்று போய்வந்து, பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கியவர்கள். சித்தப்பா 1946-இல் இருபது வயதில் சேர்ந்தவர். எங்கள் வீட்டில் அவர் இரண்டாவது தலைமுறை. தாத்தா 1916-இல் கப்பல் ஏறி முதல் உலகப்போருக்குப் போய் 1919-இல் திரும்பியவர். கடற்கரைச் சாலையில் 1938-இல் திறந்த போர் நினைவுச் சின்னத்தைக் கடக்கும்போதெல்லாம் பாட்டி புடவைத் தலைப்பால் கண்ணைத் தொட்டுக்கொள்வாள். திரும்பி வந்தவருக்காக எதற்கு அழுகிறாய் என்று கேட்டால், வராதவர்களின் அம்மாக்களுக்காக என்பாள்.

தாத்தாவின் துப்பாக்கி ஃப்ரெழுஸில் சித்தப்பா வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த சேதி. அதாவது அந்தப் பக்கத்துக் குடும்பத்தில். எங்கள் பக்கத்தில் அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. ஏன் என்பதற்கு வருகிறேன்.

2022 நவம்பர் கடைசியில் தம்பி தொலைபேசியில் அழைத்தான். பிரெஞ்சு அரசாங்கம் ஒரு அறிவிப்பு செய்திருந்தது. பரம்பரையாக வந்து, பதிவு செய்யாமல் பரணிலும் நிலவறையிலும் கிடக்கும் ஆயுதங்களை நவம்பர் 25 முதல் டிசம்பர் 2 வரை கொண்டுவந்து ஒப்படைக்கலாம், கேள்வி கேட்க மாட்டோம் என்று. தம்பி பயந்துபோயிருந்தான். துப்பாக்கிக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. கொடுத்துவிடலாம் என்று அவன் சொன்னால் சித்தி, "என்னைத் தூக்கிட்டுப் போன பிறகு குடு" என்கிறாராம். நான் என் பழைய வேலைப் புத்தியில், முதலில் அது என்ன வகை என்று தெரிந்தவரிடம் கேள் என்றேன். ஆயுதக் கடைக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறார். அது 1886-ஆம் வருடத்து மாதிரி, லெபெல். 1900-க்கு முந்திய மாதிரி என்பதால் சட்டத்தில் 'D' பிரிவு, பழம்பொருள் கணக்கு. பதிவே தேவையில்லை. ஆனால் கடைக்காரர் இன்னொன்றும் சொன்னாராம்: "இப்படியே விட்டால் அரசாங்கம் எடுக்க வேண்டாம், துருவே எடுத்துக்கொள்ளும்."

சித்தப்பா இறந்தபின் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அதைக் கழற்றி நிலவறையில் வைத்திருக்கிறார்கள். ஒரு மழையில் அங்கே தண்ணீர் புகுந்தது. ராணுவக் கம்பளியில் சுற்றியிருந்ததால் பத்திரம் என்று நினைத்து யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஈரக் கம்பளி இரும்பை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டுமா? நான் போய் இறங்கிய அன்று மாலை சித்தி சொன்னார்: "நீயும் அவனும் சேர்ந்து அதை முன்ன மாதிரி பண்ணி மாட்டுங்கப்பா. என் கண்ணால பாக்கணும்."

நான் வேறு ஒன்றையும் பையில் வைத்திருந்தேன். தாத்தாவின் 'லிவ்ரே மிலித்தேர்', அதாவது பட்டாளத்துச் சிறு புத்தகத்தின் நகல். அப்பாவின் தகரப் பெட்டியில் இருந்தது. அசல் ஊரில். அசலை நான் எங்கும் எடுத்துப் போவதில்லை. அந்த நகலை முதல் நாளே எடுத்துக் கொடுக்காமல் ஏன் வைத்துக்கொண்டேன் என்றால், அதில் எழுதியிருந்தது அப்படி.

பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்தப் படிப்பு எனக்குச் சோறு போடவில்லை என்று பலமுறை அலுத்துக்கொண்டிருக்கிறேன். பள்ளி முடித்து வெளியே வந்தபோது அலுவலகங்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டன. இருபது வயதில் ஆங்கிலக் குறிப்பு எழுதக் கற்றுக்கொண்டேன். ஆனால் அந்தப் புத்தகத்தின் கையெழுத்தைப் படிக்க அந்தப் படிப்பு உதவியது. உயரம்: 1 மீட்டர் 58. எழுதப் படிக்கத் தெரியும். சேர்ந்த பிரிவு என்ற இடத்தில் 'கொமி' என்று தொடங்கியது. கொமி என்றால் எழுத்தர். அடடா, தாத்தாவும் என்னைப் போலக் குமாஸ்தாதானா என்று ஒரு நிமிடம் மகிழ்ந்துபோனேன். முழுதாகப் படித்தால் 'கொமி எ உவ்ரியே', நிர்வாகத்துறை எழுத்தர்களும் வேலையாட்களும். பட்டாளத்துக்கு ரொட்டி சுடுவது, இறைச்சி வெட்டுவது, தானியம் அளப்பது எல்லாம் அந்தப் பிரிவின் வேலை. அடுத்த வரியில் ஒற்றைச் சொல்: 'பூலான்ழே'. ரொட்டி சுடுபவர்.

தாத்தா ஊருக்குத் திரும்பி ரொட்டிக் கிடங்கு வைத்திருந்தது எங்களுக்கெல்லாம் தெரியும். அந்தத் தொழிலைப் போரில்தான் கற்றார் என்பது தெரியாது. ஃப்ரெழுஸில் சொல்லப்பட்ட கதையில் அவர் பதுங்குகுழியில் இருந்தவர், அந்தத் துப்பாக்கியால் சுட்டவர். எத்தனை பேர் என்ற எண்ணிக்கைகூட இருந்தது. தம்பியின் மகள் பள்ளியில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பாராட்டும் வாங்கியிருக்கிறாள்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம்.

கார் நிறுத்தும் கொட்டகையில் தம்பிக்கு ஒரு மேசை இருக்கிறது. அதன் மேல் பழைய போர்வை விரித்து லெபெலைக் கிடத்தினான். நீளம் 1 மீட்டர் 30. எடை நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். தோட்டா பெட்டியில் இல்லை, குழலுக்குக் கீழே முன்கட்டைக்குள் ஓடும் ஒரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக எட்டு நிற்கும். முதலில் அந்தக் குழாயும் அறையும் காலியா என்று பார்த்தோம். தம்பி பார்த்தான், நான் பார்த்தேன், மறுபடி தம்பி பார்த்தான். எத்தனை வருடம் தொங்கிய பொருளானாலும் இதில் வெட்கப்படக் கூடாது.

புகையில்லாத வெடிமருந்தை 1884-இல் போல் வியேய் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார். அந்த மருந்தை வைத்துச் சுடும்படி உலகத்தில் முதலில் ஒரு பட்டாளத்துக்குக் கொடுக்கப்பட்ட துப்பாக்கி இதுதான். அதற்குமுன் சுட்டால் அடர்ந்த வெண்புகை எழுந்து, சுட்டவன் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். லெபெல் என்பது இதை உருவாக்கிய குழுவில் இருந்த அதிகாரியின் பெயர். சாந்த்-எத்தியேன், ஷாத்தெல்ரோ, துய்ல் என்று மூன்று ஊர்த் தொழிற்சாலைகளில் இருபத்தெட்டு லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். 1914-இல் போர் வந்தபோது இது ஏற்கெனவே கிழட்டுத் துப்பாக்கி. இருந்தும் அதைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். இதன் பயனெட் நாலு பட்டை உள்ள ஊசி போல இருக்கும், அலகு மட்டும் 52 சென்டிமீட்டர். அதற்கு 'ரொசாலி' என்று ஒரு பெண் பெயர். மாட்டினால் மொத்தம் 1 மீட்டர் 80-க்கு மேல். என் தாத்தாவின் உச்சந்தலைக்கு மேல் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் துப்பாக்கிக்கு ரொசாலி இல்லை.

துருவில் இரண்டு வகை. மேலாக மஞ்சளும் சிவப்புமாகப் பொடிந்து வருவது ஒன்று, உள்ளே கடித்துப் பள்ளம் போட்டது இன்னொன்று. முதலாவதை எடுக்கலாம், இரண்டாவதோடு வாழ வேண்டியதுதான். தம்பியின் வைத்தியம் பொறுமை. எந்திர எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து குழல் முழுக்கத் தடவி ஒரு ராத்திரி ஊற விட்டான். மறுநாள் மிக மெல்லிய இரும்பு நாரை எண்ணெயில் தோய்த்து, அழுத்தாமல், வட்டமாகத் தேய்க்க வேண்டும். பழுப்பு நிறச் சேறு போல வரும். துடைத்துவிட்டு மறுபடி எண்ணெய், மறுபடி நார். அழுத்தித் தேய்த்தால் துருவோடு பழைய கருநீல மெருகும் போய்விடும். போனது வராது. கட்டியாக நின்ற இடங்களில் ஒரு செப்புக் காசின் ஓரத்தால் சுரண்டினான். செம்பு இரும்பைவிட மெது, கீறாது. ஐந்து சென்டைம் காசு அது. சித்தப்பாவின் சில்லறை டப்பாவிலிருந்து எடுத்தது.

எங்களை இரண்டு நாள் கட்டிப்போட்டது போல்ட். லெபெலில் போல்டைச் சும்மா பின்னால் இழுத்து எடுத்துவிட முடியாது. அதன் தலையையும் உடலையும் ஒரு திருகாணி பிடித்திருக்கிறது. அதைக் கழற்றினால்தான் உடல் வெளியே வரும், அப்புறம் தலையைத் தனியாக எடுக்க வேண்டும். அந்தத் திருகாணி அசையவே இல்லை. நான் அவசரப்பட்டு, கையில் கிடைத்த திருப்புளியை வைத்துத் திருகப் போனேன். தம்பி என் கையைப் பிடித்தான். "அண்ணா, திருப்புளி வாய் காடிக்குச் சரியா உட்காரணும். இல்லன்னா காடி நொறுங்கும்." ஒரு பழைய திருப்புளியை எடுத்து அரத்தால் ராவி, காடியின் அகலத்துக்கும் கனத்துக்கும் ஏற்ற மாதிரி ஆக்கினான். அதற்கே ஒரு மணி நேரம். பிறகு எண்ணெய்ச் சொட்டு, சின்னச் சுத்தியால் மெதுவாக நாலு தட்டு, காத்திருப்பு. மூன்றாம் நாள் காலை அவன் மூச்சைப் பிடித்துத் திருப்பினான். 'டிக்' என்று ஒரு சத்தம். எங்கள் இருவருக்கும் ஏதோ குழந்தை பிறந்த மாதிரி. சித்திகூடச் சன்னலுக்கு வந்து என்ன சத்தம் என்று கேட்டார்.

குழலுக்குள் வெந்நீர் ஊற்றி, காயவைத்து, செப்புக்கம்பித் தூரிகையை எண்ணெயில் தோய்த்து ஓட்டி, பிறகு வெள்ளைத் துணி. முதல் துணி கறுப்பு, இருபதாவது துணி சாம்பல், முப்பதுக்கு மேல் எண்ணவில்லை. விளக்கைப் பின்னால் வைத்துப் பார்த்தால் உள்ளே மரை சுற்றிச் சுற்றிப் போவது தெரிந்தது. ஆங்காங்கே பள்ளம் இருந்தது. ஆனால் கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

நான்காம் நாள்தான் வினை. கட்டை வேலையை என்னிடம் விட்டான். லெபெலுக்குக் கட்டை இரண்டு துண்டு, முன்கட்டை தனி, தோளில் வைக்கும் பின்கட்டை தனி. நடுவில் இரும்பு. வால்நட் மரம். அழுக்கும் பூஞ்சையும் பிடித்துக் கறுத்துக் கிடந்தது. டர்பன்டைன் தோய்த்த துணியால் துடைக்கச் சொல்லிவிட்டுத் தம்பி கடைக்குப் போனான். துடைத்தேன். கறுப்புப் போகவில்லை. மேசை இழுப்பறையில் உப்புத்தாள் இருந்தது. எங்கள் வீட்டுக் கதவுக்குச் செய்வதுபோல நாலு இழுப்பு இழுத்ததும் உள்ளிருந்து பளிச்சென்று புது மரம் எட்டிப் பார்த்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

தம்பி திரும்பி வந்து பார்த்தபோது பின்கட்டையின் வலப்பக்கத்தில் ஒரு வட்டம் பாதி அழிந்திருந்தது. தொழிற்சாலையில் கட்டையைப் பொருத்தியபோது அடித்த வட்ட முத்திரை அது. மாதமும் வருடமும் அதில் இருக்கும். நான் அதை அழுக்கு என்று நினைத்துவிட்டேன். பத்தொன்பது என்ற எண் ஒரு பக்கம் லேசாகத் தெரிந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அவன் கத்தவில்லை. உப்புத்தாளை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தான். பிறகு பிரெஞ்சில் சொன்னான். அவனுக்குக் கோபம் வந்தால் தமிழ் வராது: "உங்க அப்பா மாதிரியே செய்றீங்க. சுத்தமா இருக்கணும்னு அழிச்சிடறீங்க."

இப்போது ஏன் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1954 நவம்பர் 1-இல் ஊர் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்கிற உள்ளூர்க்காரர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 'ஒப்சியோன்' என்று சொல்வோம். எத்தனை வீடுகளில் அந்த ஆறு மாதம் அடுப்பு சரியாக எரியவில்லை என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். சித்தப்பா வெளியே பட்டாளத்தில் இருந்ததால் பிரெஞ்சுக்காரராகவே நீடித்தார். அண்ணனுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார்: எழுதிக் கொடுத்துவிடு, பிள்ளைகளுக்கு நல்லது என்று. அப்பா இணைப்பு இயக்கத்தில் கொடி பிடித்தவர். கடைசிக் கடிதத்துக்கு என்ன பதில் எழுதினாரோ தெரியாது. கூடத்தில் இருந்த சித்தப்பாவின் ராணுவ உடுப்புப் படத்தை அன்றைக்கே கழற்றினார். சுவரில் அந்தச் சதுரம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அதற்கும் சுண்ணாம்பு அடித்தார். எனக்குப் பன்னிரண்டு வயது. வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

அதன்பின் அண்ணன் தம்பி பேசவில்லை. அப்பா 1967-இல், நாற்பத்தாறு வயதில், திடீரென்று போய்விட்டார்.

அன்று மாலை நானும் தம்பியும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. தாத்தாவின் புத்தக நகலைக் காட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். முத்திரையைத்தான் அழித்தேன், கதையையும் சேர்த்து அழிக்க வேண்டுமா? ஆனால் நான் காகிதத்தோடு வாழ்ந்தவன். காகிதத்தில் இருப்பதை மறைத்துவைப்பது எனக்குச் செரிக்காது. தூக்கம் வரவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தபோது சமையலறையில் சித்தி விழித்து உட்கார்ந்திருந்தார்.

"உங்கப்பா பெட்டியில மாமாவோட புத்தகம் ஒண்ணு இருக்குமே. கொண்டாந்தியா?" என்றார். மாமா என்றது தன் மாமனாரை, என் தாத்தாவை.

நான் திடுக்கிட்டுப்போய், இருக்கிறது என்றேன்.

"ரொட்டி சுட்டார்னு போட்டிருக்குமே."

சித்திக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் தாத்தாவே சொல்லியிருக்கிறார். ராத்திரி முழுக்க அடுப்பு முன்னால், குளிரில் வெளியே வந்தால் வியர்வை உறையும் என்று. அப்படியானால் துப்பாக்கி?

"உங்கப்பா செத்த சேதி தந்தியில வந்துது. இவர் ரெண்டு நாள் எழுந்திருக்கல. போயிட்டு வாங்கன்னேன். நான் யார் வீட்டுக்குப் போறதுன்னார். அதுக்கடுத்த வாரம் மலைப்பக்கம் ஒரு விவசாயி வீட்டுல பரண் காலி பண்றாங்கன்னு போனார். சாக்குல சுத்தி இதைக் கொண்டாந்தார். பையன் கேட்டான், என்னப்பா இதுன்னு. அவனுக்கு அப்ப பன்னெண்டு வயசு. என் அப்பாவோடது, ஊர்லேர்ந்து வந்துது, வீடு பெரியப்பாவுக்கு, இது நமக்குன்னு சொன்னார். நான் அடுப்பு பக்கம் திரும்பிக்கிட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "அவருக்கும் ஏதாவது வேணாமா?" என்றார்.

அந்த வீட்டில்தான் நான் இன்றும் இருக்கிறேன். 1971-இல் வீட்டை எங்கள் பெயருக்கு மாற்ற சித்தப்பாவின் பங்குக்கு ஒரு விடுதலைப் பத்திரம் தேவைப்பட்டது. அம்மா சொல்ல, பிரெஞ்சில் அதை எழுதியவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிது, எழுத்து நன்றாக இருக்கும் என்ற பெருமை வேறு. அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. இந்தியத் தூதரகத்தில் முத்திரை வாங்கி, கையெழுத்துப் போட்டு அனுப்பினார். கூட ஒரு துண்டுத் தாளில், 'பிழையில்லாமல் எழுதியிருக்கிறாய், சந்தோஷம்' என்று ஒரு வரி. அதை அப்போது நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, காப்பி குடிக்கும்போதே சித்தி தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். என்னைக் கேட்கவில்லை. தம்பி ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிப் பின்கட்டையில் தேய்த்துக்கொண்டிருந்தான். கையின் சூட்டில்தான் எண்ணெய் மரத்துக்குள் இறங்கும், துணியால் தேய்க்கக் கூடாது என்பான். சித்தி பேசி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. நான் நகலை அவன் முன்னால் வைத்தேன். எண்ணெய்க் கையோடு தொடாமல் குனிந்து படித்தான். பூலான்ழே என்ற இடத்தில் நின்றான். 1 மீட்டர் 58 என்ற இடத்தில் மறுபடி நின்றான். அவனும் அதே உயரம்தான்.

"அதான் ரொசாலி இல்ல" என்றான் தமிழில். பிறகு, "ரொட்டி எடுக்க அதுவும் நல்லாத்தான் இருந்திருக்கும்."

சித்திதான் முதலில் சிரித்தார்.

மீதி நாட்களில் முன்கட்டையின் பள்ளங்களை எடுத்தோம். ஈரத்துணியை மடித்து வைத்து மேலே இஸ்திரிப் பெட்டியை ஒற்றினால் ஆவி உள்ளே போய் அமுங்கிய மரம் எழும்பும். எல்லாப் பள்ளமும் எழும்பாது. நான் உப்புத்தாள் போட்ட இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது. நாலைந்து தடவை எண்ணெய் விட்டும் நிறம் சேரவில்லை. சாயம் வைத்து மறைத்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான் தம்பி. கேட்பவர்களுக்கு 'இது எங்க அண்ணன் பண்ணது' என்று சொல்லப் போகிறானாம்.

நான் கிளம்புவதற்கு முதல் நாள் மாட்டினோம். சித்தி நாற்காலியைப் போடச் சொல்லி எதிரே உட்கார்ந்து, இடப்பக்கம் இறங்கியிருக்கிறது என்று இரண்டு தடவை ஆணியை மாற்றச் சொன்னார். தம்பியின் மகள் லியோனிலிருந்து வந்திருந்தாள். "பெரியப்பா, நான் ஸ்கூல்ல எழுதினது எல்லாம் பொய்யா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்ல? உன் கட்டுரையை எனக்கு அனுப்பு, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் அனுப்பவில்லை. தம்பி வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டுமோ என்று ரயிலில் பாரீஸ் வரைக்கும் யோசித்தேன், ஊருக்கு வந்தபின்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஊர் திரும்பிய வாரமே தகரப் பெட்டியைத் திறந்தேன். சித்தப்பாவின் உடுப்புப் படம் செய்தித்தாளில் சுற்றிய மேனிக்கு இருந்தது. அப்பா கழற்றினாரே தவிர எறியவில்லை. அதையும், தாத்தாவின் புத்தகத்தின் அசலையும் அட்டைக்குள் வைத்து ஒட்டினேன். தபால் நிலையத்தில் நின்றபோது, புத்தகத்துக்கு மறுபடி ஒரு நகல் எடுத்துவைத்துக்கொள்ளலாம் என்று தோன்றிப் பாதி வழி திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனேன். பழக்கம் விடுமா? பதிவுத் தபாலில் அனுப்பினேன். பத்தொன்பதாம் நாள் கிடைத்தது என்று தம்பி சொன்னான். ரசீதைக் கோப்பில், 1971 விடுதலைப் பத்திரத்துக்குப் பின்னால் குத்தி வைத்திருக்கிறேன்.